ராணிக்கு வால் முளைத்த மூன்று வாரம்

எனக்குப் பத்து வயதான ஜூன் மாதத்தில், கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த மாமா ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களுமாக வந்து இறங்கினார். பசறையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் வளைவுகளில், மீன் பையிலிருந்த தண்ணீரில் பாதி அவருடைய காற்சட்டையில் கொட்டியிருந்தது. மீன்கள் நான்கும் பிழைத்திருந்தன.

தோட்டத் தொழிலாளருக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் அதுவரை யார் வீட்டிலும் மீன் தொட்டி இருந்ததில்லை. எங்கள் வீட்டிலோ அதை வைப்பதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது அக்காவின் மேசை. அக்கா அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். புத்தகங்களை அரிசிப் பெட்டியின் மேல் மாற்றி வைத்துவிட்டு, "நாறாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். அதை நான் போர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டேன்.

நான்கில் அழகியின் பெயர் ராணி. வெள்ளை உடம்பு, செம்மஞ்சள் தலை, உடம்பைவிட நீண்ட வால். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். கையில் தீனி இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று நான் சட்டம் போட்டேன். ரொட்டித் துண்டும் பிஸ்கட் தூளும் நாள் முழுக்க விழுந்துகொண்டிருந்தன. திருகோணமலைக்குப் போய் வந்த ஒருத்தி கூர்கூரான சிப்பிகளைக் கொடுத்தாள். அதையும் அடியில் பரப்பினேன்.

மூன்றாவது வாரத்தில் ராணியின் வால் ஓரம் பால் படிந்ததுபோல் வெளுத்தது. பிறகு இழை இழையாகக் கிழியத் தொடங்கியது. பூனை வேலை என்றார் அப்பா. அழுக்குதான் காரணம் என்றார் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, தொட்டியைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார். மறுநாள் காலையில் நான்கில் சிறியது மேலே மிதந்தது.

"மத்ததயும் ஆத்துல உட்ருவோம். நம்ம கண்ணு முன்னால சாக வேணாம்" என்றார் அப்பா. ஆகஸ்டில் கோயில் திருவிழாவுக்கு மாமா வருவார். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார். நான் அழுத அழுகையில் அப்பா ஒரேயொரு விடயத்துக்கு இறங்கிவந்தார். அந்தச் சனிக்கிழமை ராணியை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு இருவரும் பதுளைக்குப் போனோம்.

பஸாரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மகள், ஒரு நாளைக்கி எத்தின தரம் தீனி போடுற?"

"பத்துத் தரமாச்சும் போடுவேன்" என்றேன் பெருமையாக. அம்மா சவர்க்காரம் போட்டதையும் சொன்னேன். நானா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது செட்ட அழுகுற நோய். அழுக்குத் தண்ணியிலதான் புடிக்கும். மருந்து பொறகு பாப்பம். மொதல்ல தண்ணிய திருத்துங்க."

தினமும் தொட்டியில் மூன்றிலொரு பங்கு தண்ணீரை எடுத்துவிட வேண்டும். அந்த அளவுக்கு, முதல் நாளே வீட்டுக்குள் பிடித்து வைத்து ஜில்லிப்புப் போன தண்ணீரை ஊற்ற வேண்டும். நான்கு லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும், பிறகு மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. செட்டையைக் கிழிக்கிற சிப்பிகள் வெளியே. அவ்வளவுதான். நான் இரண்டு தரம் மருந்து கேட்டேன். ஒரு கிழமையில் மோசமானால் வா என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அப்பா, "இம்புட்டுத் தூரம் வந்து உப்பு போடவா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில்தான் சிக்கல் காத்திருந்தது. ஜூலை மாதத்து வறட்டுக் காற்றில் லயத்துக் குழாய் காலையில் அரை மணி நேரம் சொட்டும். அதை விட்டால் தேயிலை மலைக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குத்தான் குடத்தோடு இறங்க வேண்டும்.

"ஆக்குறதுக்கே தண்ணி இல்ல. மீனுக்குத் தெனமும் ஒரு வாளியா?" என்றார் அம்மா. சாப்பிட மாட்டேன் என்று நான் கத்தினேன். அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "சத்தம் போடாத, படிக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை அடுப்படி மூலையில் இருந்த பீப்பாய் நிறைந்திருந்தது. குழாயில் நன்றாக வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நிறைந்திருந்தது. என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்கே வியப்பு.

முதல் நாட்களில் ராணியின் வால் இன்னும் தேய்ந்து பாதியானது. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஆறாம் நாள் வெள்ளை ஓரம் காணாமல் போயிருந்தது. இரண்டாவது வாரம் ஒரு காலை, வெயிலில் குனிந்து பார்த்தபோது, கிழிந்த விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி போல மெல்லியதாக ஏதோ வளர்ந்திருந்தது. நான் ஓட்டமாய் ஓடினேன். பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் கங்காணி பேர் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம். வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்து, "ராணிக்கு வால் மொளைக்குது" என்று கூவினேன். பெண்கள் எல்லாரும் சிரித்ததில் கங்காணிக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

திருவிழாவுக்கு மாமா வந்தார், கையில் புதிய மீன் பையோடு. "பழசெல்லாம் செத்திருக்கும்னு நெனச்சில்ல வாங்கியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். ராணி தன் முழு வாலையும் விரித்துத் திரும்பினாள். மற்ற இரண்டும் பின்னால் வந்தன. புதிய மீன்களை ஊற்றப்போன மாமாவின் கையைப் பிடித்தேன்.

"புதுசு ரெண்டு கெழமைக்கு பேசின்லதான் இருக்கணும். நோய் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சேப்பேன்."

"சரிங்க டாக்டரம்மா" என்றார் மாமா. அந்தப் பட்டம் அன்றைக்கே லயம் முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் மேல் லயத்திலிருந்து ஒரு பையன் ஜாம் போத்தலில் கப்பி மீன்களைக் கொண்டுவந்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீனி போடுகிறாய் என்று கேட்டுவிட்டு, நானும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா அந்த வருடம் முழுவதும், வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தொட்டியிடம்தான் அழைத்துப்போனார்.

தனி ஆளாக நானே காப்பாற்றினேன் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அரிசிப் பெட்டியின் மேல் புத்தகத்தை விரித்திருந்த அக்காவிடம் போயும் சொன்னேன். "ஆமா, நீதான்" என்றாள்.

ராணிக்குத் தினமும் தண்ணீர் மாற்றிய அந்த மூன்று வாரமும் அக்காவின் வெள்ளைச் சீருடை, காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே வலது இடுப்புப் பக்கம் நனைந்திருந்தது. பரீட்சை எழுதப்போகிறவளுக்கு முகம் கழுவத் தெரியவில்லை என்று வழியெல்லாம் அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினால் அந்தப் பக்கம்தான் நனையும் என்பது, நானே பீலிக்குப் போகிற வயது வரும்வரை எனக்குத் தெரியாது.