வெள்ளை அட்டை

இன்று காலை பேத்தியின் லேப்டாப்பில் மஞ்சள், நீலம், பச்சை என்று கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தில்லை நகரில் டீச்சராக இருக்கிறாள். நாளைய பாடத்தை இன்றே இப்படி அடுக்கி வைப்பாளாம். லேர்னிங் டிசைன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்துக்கூட்டவே தெரியாத நான் அதை எப்போதோ படித்தவள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஸ்கூலில் ஆயாவாக இருந்தேன். அங்கே வசந்தா டீச்சர், பாடம் முடியும்போது பிள்ளைகளுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் யோசிப்பார். அப்புறம் கலர் அட்டைகளில் படம் வரைந்து வரிசையாகச் சுவரில் குத்துவார். நீலம் என்றால் பொருளைக் காட்டணும். மஞ்சள் என்றால் பிள்ளைகள் செய்யணும். பச்சை என்றால் வெளியே போகணும். எனக்கும் புரியட்டும் என்றுதான் கலர்.

ஒரு நாள் டீச்சர் வந்த பஸ் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. "அட்டையப் பாத்து ஆரம்பிச்சிடுங்க ஆயாம்மா" என்று போனில் சொன்னார். அட்டை மட்டும் இல்லையென்றால் நானாவது, பாடம் நடத்துவதாவது!

நீலத்துக்கு மரவள்ளிக் கிழங்கைக் காட்டினேன். மஞ்சள் போட்டு வேகவைத்தால் என்ன வாசனை! அதை விடுங்கள். மஞ்சள் அட்டைக்குக் கிழங்குத் துண்டைத் தொட்டியில் நட வேண்டும். அப்போது பூங்கொடி எழுந்தாள். மரவள்ளி விளையும் பச்சைமலைப் பெண். ஸ்கூலில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள். அவளைப் பேசவைக்கத்தான் டீச்சர் அன்று கிழங்கையே எடுத்திருந்தார்.

"ஆயாம்மா, இது மொளைக்காது. குச்சியத்தான் நடணும்."

அவள் பேசியதே எனக்கு உறைக்கவில்லை. "அட்டையில அப்படி இல்லடி, உக்காரு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. பச்சைக்கு எல்லோரையும் வெளியே ஓட்டினேன். ஒரு அட்டைகூடத் தப்பவில்லை என்று பெருமை வேறு.

பூங்கொடி மறுபடி வாயை மூடிக்கொண்டாள். சில நாளில் தொட்டியில் கிழங்கு அழுகி நாறியது. டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தப்பா ப்ளான் போட்டது நான்தானே" என்று சொல்லிவிட்டு, பூங்கொடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலம்மா. எப்படி நடணும்?"

அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சொல்லு தங்கம், நான் குறுக்க வர மாட்டேன்" என்றேன். "கணு மேல பாத்த மாதிரி நடணும்" என்றாள். மறுநாள் அப்பாவிடம் குச்சி வாங்கி வந்து, அவளே நட்டுக் காட்டினாள்.

அதற்கப்புறம் தினமும் வரிசை நடுவே ஒன்றும் வரையாத ஒரு வெள்ளை அட்டை இருக்கும். அது வந்தால் பிள்ளைகள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம்.

அந்த ஸ்கூலும் இல்லை, சுவரும் இல்லை. பேத்தியிடம் வெள்ளைக் கட்டம் எங்கே என்று கேட்டேன். "காலியா விட்டா சேவ் ஆகாது அப்பாயி" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். இந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு, நாளைய பாடத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் போடப் பார்க்கிறாள்.