அக்காவின் கையில் ஓடிய மோட்டார்

என் பழைய டீசல் காருக்கு வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இழுவை கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லியை மாற்றினால் வண்டி பறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வண்டியோடு வந்த புல்லியில் இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ரப்பர் இருந்தது. ஆன்லைனில் வரவழைத்ததோ முழுக்க அலுமினியம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி லேசு. இரும்புக்கு நடுவே ரப்பர் வைப்பதெல்லாம் கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

உத்திரமேரூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த ரப்பர்தான் தம்பி எஞ்சின் குலுக்கல வாங்கிக்குது. அது இல்லன்னா எல்லாம் உள்ள சுத்துற கிராங்க் தண்டு மேலதான் போவும். இன்னிக்குத் தெரியாது, ஒரு நாளைக்கு ஒடச்சிக்கினு நிக்கும்."

தன் கடையில் வாங்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, வேறு இடத்தில் மாட்டினேன். இழுவை கூடியது போலத்தான் இருந்தது. கூடவே சீட்டு, கதவு, கண்ணாடி எல்லாம் விர்ரென்று அதிர்ந்தன. பவர் என்றால் சும்மாவா என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் காரில்தான் வாரம் இரண்டு முறை அக்காவை மானாம்பதியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போவேன். ஊசி குத்துவதற்காக அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் தோலுக்கடியில் ஓர் அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கிணறும் பம்ப்செட்டுமாக வளர்ந்த நாங்கள் அதற்கு வைத்த பெயர் மோட்டார்.

"மோட்டார் ஓடுதா அக்கா?"

"ஜோரா ஓடிக்கினு கீது."

தினமும் இதுதான் எங்கள் காலை வணக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பினோம். வண்டியில் ஏறிய பிறகுதான் நான் கேட்டேன். கதவின் மேல் சாய்த்திருந்த கையை அக்கா தொட்டுப் பார்த்து, ஓடுது என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்படியே. பாலாற்றுப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்றபோது, "இன்னிக்கு இன்னும் ஜோரா ஓடுதுடா" என்று சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தக் கையைத் தொட்டார். மறுபடி தொட்டார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தம் கட்டி அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

"நேற்று தொட்டுப் பார்க்கவில்லையா அம்மா? நேற்றே வந்திருந்தால் ஒருவேளை சரி செய்திருக்கலாம்."

"பாத்தேனே சார். வண்டியில குந்திக்கினு பாத்தேன். இன்னிக்கும் பாத்தேன், நல்லாத்தான் ஓடிச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக அவள் விரலுக்குத் தெரிந்தது என் புல்லியின் அதிர்வு.

கழுத்தில் குழாய் போட்டு அன்றைய டயாலிசிஸை முடித்தார்கள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. வெளியே வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"வேணும்னேவா செஞ்ச? வூட்லயே பாத்திருக்கணும், அது என் தப்பு. இன்னொரு கை கீதே, ஏன்டா அழுவற?"

மறுநாளே பழைய புல்லியை எடுத்துப் போட்டுக்கொண்டு காரைப் பாய் கடைக்கு ஓட்டிப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அலுமினியத்தைக் கழற்றிவிட்டு, ரப்பர் வைத்த பழைய புல்லியை அவரே மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"நல்ல நேரம் தம்பி. சேதம் ஒண்ணும் ஆவல."

நான் தலையாட்டினேன்.