சத்தம் புகாத தொப்பி

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. தலைக்கு மேலே பறக்கும் ரயில், முனையில் தண்ணீர் லாரிச் சண்டை, சுவருக்கு அந்தப்பக்கம் டிவி. இந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளைக்கும் படிப்பு ஏறாது என்று, அம்மா வீட்டுவேலை செய்த தி.நகர் வீட்டு மேடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு நிறுத்தி என்னையும் வேலைக்கு அனுப்பச் சொன்னார். அரையாண்டுத் தேர்வு வரை பார்க்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தொடமாட்டேன் என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

அந்தச் சமயம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் ஒருவர், கவனம் சிதறாமல் வேலை செய்வதற்காகச் செய்த தொப்பி. தொப்பி என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். தலை முழுவதையும் மூடும் பானை அது. சத்தம் உள்ளே போகாது. கண்ணுக்கு நேரே ஒரு கீறல், அதில் ஒரு நேரத்துக்கு ஒரு வரிதான் தெரியும். மூச்சுவிட ஒரு குழாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மாமாவிடம் போனேன்.

மாமா, அம்மாவின் தம்பி, கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுகிறவர். "எமனுக்கே கிரீடம் செஞ்சவன் நானு. இது இன்னா பெரிய விஷயம்?" என்றார். தெர்மோகோல், பழைய மெத்தைப் பஞ்சு, மேலே கறுப்பு ரெக்சின். மூச்சுக்கு வாஷிங் மெஷின் குழாய். நல்ல காற்று வரட்டும் என்று அதன் மறுமுனையை வாசலுக்கு வெளியே இழுத்துக் கட்டினார்.

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாசலில் கூட்டம் சேர்ந்தது. "இன்னாடி, நிலாவுக்குக் கெளம்பிட்டியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தியது லேசாகக் கேட்டது. நான் கழற்றவில்லை. ரயில் எங்கேயோ தூரத்தில் போனது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தம் போடாமல் மனசுக்குள்ளேயே படித்தேன்.

அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம். எழுத்துத் தெரியாத அம்மா, நான் படிக்கிறேனா என்று காதால்தான் பார்ப்பாள். அன்று வேலை முடிந்து வந்தவள், ஆடாமல் அசையாமல் இருந்த கறுப்புப் பானையின் மேல் நங்கென்று தட்டினாள்.

"படிச்சிக்கினு கீறியா, தூங்கிக்கினு கீறியா? நாளைக்கே என்னோட வேலைக்கு வா."

பிடித்து இழுத்தாள். நான் இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திக்கொண்டு, உள்ளிருந்தபடியே சமூக அறிவியலில் சட்டங்கள் பற்றிய பாடத்தைக் கத்தினேன். குரல் குழாய் வழியே ஓடி, தெருவில் போய் ஒலிபெருக்கி மாதிரி விழுந்தது. தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். அம்மாவின் கை தானாக விலகியது.

தேர்வு வரை தினமும் சாயங்காலம் இதே கூத்து. வியர்வையில் ரெக்சின் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டும், விடமாட்டேன். சத்தத்தைத் தடுக்க வந்த தொப்பியால் எங்கள் தெருவுக்கு இன்னொரு சத்தம் சேர்ந்ததுதான் மிச்சம். அம்மா மீன் கழுவுவதையும் கீரை ஆய்வதையும் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். என்னை வேவு பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல். வேண்டுமென்றே ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை கத்தினேன்.

எல்லாப் பாடத்திலும் தேறினேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் தி.நகருக்குக் கூட்டிப்போனாள். பஸ் ஏறும்வரை நான் காலை இழுத்து இழுத்து நடந்தேன். சமையலறை வாசலில் நிற்கவைத்தாள். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ் பண்ணா என்ன, எப்படியும் பத்தாவதோட நிக்கப்போறா. இன்னைக்கே ஆரம்பிக்கட்டும்."

அம்மா இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினான்கு வயது நிறைவடையாத குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவது, சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எம் பொண்ணு வராது மேடம். இத உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லும்போது அதுவும் கேக்கட்டும்னுதான் இட்டாந்தேன்."

பஸ்ஸில், இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று துளைத்தெடுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சட்டம் தெரிந்த சிநேகிதி யாரோ இருக்கிறாள், அவள் பெயரை என்னிடம் மறைக்கிறாள் என்று வீடு வரும்வரை அம்மாவோடு பேசாமல் வந்தேன்.