அடிபட்டவரிடம் ஓடிவரும் விளையாட்டு

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விளையாடுவதற்காக எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னால், நான் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். டொரோண்டோவுக்கு வெளியே, உறைந்த காய்கறிகளைப் பையில் அடைக்கும் ஒரு ஃபேக்டரியில் எனக்கு வேலை. ஷிஃப்ட் தொடங்கும் முன் கஃபேட்டீரியாவின் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் நிற டேப் ஒட்டி, தலை நரைத்த ஆண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் பந்தெறிந்து விளையாடுகிறோம். இதற்கு டீம் பில்டிங் என்று பெயர். சேர்ந்து விளையாடத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யவும் புதிதாக யோசிக்கவும் வரும் என்பது எங்கள் சூப்பர்வைசர் டெனிஸின் நம்பிக்கை. அதை முழுக்க முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கை மாற்றிக் கை பொருள் கொடுக்கும் ஒரு விளையாட்டுக்குப் பிறகுதான், பைகள் ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் தாங்களாகவே இடம் மாறி நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து பைகள் சிக்குவது குறைந்துவிட்டது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்த காலத்தில், காலை பெரட்டில் தொடங்கும். எல்லோரும் போய் வரிசையில் நிற்க வேண்டும். இன்றைக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று கங்காணி சொல்லுவார். தலையாட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் செய்து பார்ப்போமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் வாயைத் திறந்ததில்லை. ஆனால் மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு அந்தப் பக்கம் திரும்பியதும், காய்ச்சலோடு வந்தவளின் பையில் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு கை கொழுந்து போட்டுவிடுவார்கள். போட்டவள் சொல்லிக் காட்டமாட்டாள், வாங்கியவளும் நன்றி சொல்லமாட்டாள். டெனிஸ் பலூனும் கயிறும் வைத்துச் சொல்லித்தருகிற பாடம் இதுதானே என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் போன வசந்தத்தில் அந்த விளையாட்டுக்குப் போனேன்.

எனக்கு அது வெறும் விளையாட்டாகவும் இல்லை. பகல் ஷிஃப்டில் புதிய லைன் ஒன்று திறக்கப்போகிறார்கள், அதற்கு ஒரு லீடர் வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் எடுப்பேன் என்று டெனிஸ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். நான் பிற்பகல் ஷிஃப்ட். என் மகள் ஹரிணி ஸ்கூலிலிருந்து வரும்போது நான் வேலையில் இருப்பேன். நான் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். வாரநாட்களில் என் பிள்ளையின் குரலை போனில்தான் கேட்கிறேன். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டே சொல்கிறேன், எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அன்றைய விளையாட்டு இதுதான். அறையின் ஒரு மூலையில் டேப் ஒட்டிய சதுரம், அதற்கு ‘ஹோம்’, அதாவது வீடு என்று பெயர். அங்கிருந்து கிளம்பி, அறையெங்கும் சிதறிக் கிடக்கும் வளையங்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிவர வேண்டும். எதிரணி சுற்றி நின்று ஸ்பாஞ்ச் பந்துகளை எறியும். பந்து பட்டவர் அதே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அவரிடம் ஓடிப்போய், கைகோத்துச் சங்கிலியாகி, அவரை ஹோமுக்கு அழைத்து வர வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அணி தோற்றது. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விதி. எனக்கும் புரிந்தது.

முதல் பந்து என் கழுத்தில் பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். நான் நிற்கவில்லை. என் அணிக்கு நேரெதிர்ப் பக்கம், வெளிக்கதவை நோக்கி ஓடினேன். பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்கும் பிலிப்பினோப் பெண் மரிசெல் சிரித்துக்கொண்டே என்னைத் துரத்தி வந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்துத் தமிழில் கத்தியிருக்கிறேன். கதவோரத்தில் தலையை முந்தானையால் மூடுகிறவளைப் போல, போட்டிருந்த ஜாக்கெட்டை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் தோற்றோம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மலையில் குளவிக்கு ஒரு விதி உண்டு. கூடு கலைந்து இரைச்சல் கேட்டதும் யாரும் சத்தம் போடக்கூடாது, கையை வீசக்கூடாது. தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறப் படுத்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்துத் தலைவரை மூடிக்கொள்ள வேண்டும். யார் மேல் குளவி மொய்த்துவிட்டதோ, அவள் மற்றவர்கள் பக்கம் ஓடிவரக் கூடாது. வந்தால் குளவிக் கூட்டம் முழுவதும் அவளோடு வந்துவிடும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

என் அக்கா செல்வி எனக்கு அடுத்த நிரையில்தான் பறித்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் வந்ததும் நாங்கள் எல்லோரும் விழுந்து படுத்தோம். அவளுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. எழுந்து அவளிடம் போகப் பார்த்தேன்.

“கிட்ட வராத புஷ்பா. படு. யாரும் எந்திரிக்காதீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். எங்களை விட்டு விலகி, காட்டோரத்துப் பள்ளத்தைப் பார்த்து ஓடினாள். இரைச்சலும் அவளோடு போய்விட்டது. படங்குக்கு அடியில் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, அது தூரமாகப் போவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எங்களில் ஒருத்திக்கும் ஒரு கொட்டுகூட விழவில்லை. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அக்கா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து நான் பெரட்டுக்குப் போனபோது, கங்காணி எங்களுக்கு வேறு மலையைக் கொடுத்தார். முறை சுற்றி மறுபடியும் அந்த மலைக்குப் போன அன்று, அக்காவின் நிரையில் புதிதாக ஒருத்தியும் இறங்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் எட்டி எட்டிப் பாதிப் பாதியாகப் பறித்துக்கொண்டு போனார்கள். கண்டாக்கு பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மறுவாரம் டெனிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நீ நன்றாக வேலை செய்கிறாய், ஆனால் உன் அணியின் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை, உதவிக்கு வருகிறவர்களைத் தள்ளிவிடுகிறாய், அப்படியிருந்தால் லீடர் ஆவது சிரமம் என்றார். என்னிடம் இருக்கிற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு குளவியைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. உனக்கு அலர்ஜி இருக்கிறதா, ஊசி மருந்து கையில் வைத்திருக்கிறாயா, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பதறினார். எனக்கு இல்லை, என் அக்காவுக்கு என்றேன். அக்கா இப்போது நலமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? அடுத்த முறை உன்னை அவர்கள் அழைத்து வர விடு, அது போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு வேலைக்கு வரத் தொடங்கினாள். இதை எப்படிச் சொன்னாலும் பைத்தியம் என்பீர்கள். ஃப்ரீஸர் அறையின் விசிறிகள் சுற்றத் தொடங்கும்போது என் கழுத்து தானாகக் குனியும். பெல்ட்டின் மறுமுனையில் வெள்ளைத் தொப்பி போட்ட யாரோ ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். திரும்பினால் வேறு யாராவதாக இருக்கும். பயமாக இருந்தது. அவள் வராத நாட்களில் இன்னும் பயமாக இருந்தது.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை பகல் ஷிஃப்டுக்குப் போகிறேன். ஹரிணி இப்போதே என்ன சமைப்பாய் என்று கேட்டுத் தொல்லை பண்ணுகிறாள். இரண்டாவது முறை விளையாடியபோது நான் சரியாக நின்றேன், என் அணி வென்றது, டெனிஸ் கைதட்டினார். எல்லோருக்கும் தெரிந்த கதை அதுதான்.

அந்த இரண்டாவது முறை பந்து என் முதுகில் பட்டது. ஓடத் துடித்த கால்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை. மேலே பந்துகள் விழ விழ, சிரித்துக்கொண்டே வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஓடிவருவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது இவர்களுக்கு என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு கை மரிசெலிடம், மற்றொரு கை பெயர் தெரியாத ஒரு பெரியவரிடம். எல்லோரும் கோத்துக்கொண்டு நகரத் தொடங்கியபோது சங்கிலி ஓரிடத்தில் இழுபட்டு நின்றது. நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் இருக்கிறோமே, இப்போது போனால் அக்காவையும் பிடித்துவிடலாமே என்று, என் முழுப் பலத்தோடும் அந்த வெளிக்கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மரிசெல் என் கையை விடாமல், நான் வழி தவறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அன்பாகச் சொன்னாள்.

“புஷ்பா, அங்கே இல்லை. வீடு இந்தப் பக்கம்.”