பின்னால் வந்த ஆட்டோ

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பசறையிலிருந்து பதுளை மைதானம் வரைக்கும் பெண்களுக்கு ஒரு நெடுந்தூர ஓட்டப் போட்டி. ஓடியது என் மனைவி. நான் அவளுக்குத் துணைக்குப் போனவன். காலை ஏழு மணி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அவள் கொழுந்து எடுக்கிறாள். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மகளின் பாடசாலையில் அம்மாமாருக்கு வைத்த ஓட்டத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி முதலாவதாக வந்துவிட்டாள். விளையாட்டு டீச்சர் விடுவாரா? பெரிய போட்டிக்கே பெயர் கொடுக்க வைத்து, காலுக்குத் தன்னுடைய பழைய சப்பாத்தையும் கொடுத்துவிட்டார். அதன்பிறகு மூன்று மாதம், மலையிலிருந்து இறங்கிய கையோடு ஃபெக்டரி ரோட்டில் ஓட்டம்தான். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "நாள் பூரா மலையேறி எறங்குறது பத்தலையா?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் சிரித்தவனே நான்தான். "பரிசெல்லாம் வேணாங்க. கடைசி வரைக்கும் ஒரு தடவ ஓடிப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அதோடு நான் சிரிப்பதை விட்டேன்.

அன்று ஆட்டோவில் நான், மகள், என் தங்கச்சி மூன்று பேர். தங்கச்சி ஏதோ ஒரு வாரத்துக்கு ஊருக்குப் போகிறவள் மாதிரி மூட்டை கட்டியிருந்தாள். ரொட்டி, கட்டச் சம்பல், வாழைப்பழம், எலுமிச்சம்பழம், பெரிய பிளாஸ்க் நிறையச் சாயத்தண்ணி. பால் ஊற்றாத தேநீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஓட்டம் தொடங்கியதும் அவளுக்குப் பின்னாலேயே ஆட்டோவை விட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டுமே! பத்தடி தள்ளி, முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனேன். போட்டி நடத்துகிறவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஓடுகிறவர்களை யாரும் தொடக்கூடாது, வண்டியில் ஏறினால் அதோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். தொடவில்லையே, சும்மா பின்னால்தானே போகிறோம் என்று நானும் விடவில்லை.

பாதி வழியில் ஒரு பொல்லாத ஏற்றம். அங்கே அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு எட்டு நொண்டினாள். அப்படியே ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி ஓடினேன்.

"போதும் புள்ள. பாதி தூரம் வந்துட்டியே, அதுவே பெருசு. வா, வந்து ஏறு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்கு அரைப்பேரா?" என்றாள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறையவில்லையென்றால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் எழுதுவார். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, நாள் முழுக்க நின்றிருந்தாலும் அரை நாள் ஆள்தான். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவள் எத்தனை சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறாள்! வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைப் பற்றவைப்பாள். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

"கணக்கப்புள்ள எழுதுறாரு, அது அவரு வேல. நீங்களுமா எழுதுறீங்க?"

செவிட்டில் அறைந்தாற்போல இருந்தது. சத்தியமாக நான் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். ஆனால் அந்த இரக்கம் அவளுக்கு எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள். அவள் பக்கத்தில் குந்தினேன். பிறகு, "சரி புள்ள, நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு" என்றேன்.

"மொதல்ல பின்னால வாறத நிப்பாட்டுங்க. அந்த இஞ்சின் சத்தம் கேக்கக் கேக்க, ஏறிரலாம் ஏறிரலாம்னே இருக்கு. முன்னால போயி நில்லுங்க. நீங்க நிக்கிற எடத்துக்கு நான் வந்துருவேன்."

அட கடவுளே! ஒரு மணி நேரமாக நான் செய்துகொண்டிருந்த உதவி இதுதானா? அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, விட்டுவிடு விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

"அண்ணே, வண்டிய எடுங்க!" என்று தங்கச்சி அதட்டினாள்.

அவளை அந்தத் திண்டில் அப்படியே விட்டுவிட்டுப் போனதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டம். ஏற்றம் முடிகிற வளைவில் போய் நின்றோம். பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒரு பஸ் போனது. அவளைக் காணோம். "அப்பா, திரும்பிப் போவமா?" என்றாள் மகள். எனக்கும் கை சாவிக்குப் போய்விட்டது. அடக்கிக்கொண்டு நின்றேன்.

வந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனால் வந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள், அவ்வளவுதான். நிற்கவில்லை. நாங்கள் அடுத்த வளைவுக்குப் பறந்தோம். இப்படியே வளைவு வளைவாகப் பதுளை வரைக்கும்.

மைதானத்தில் பரிசெல்லாம் கொடுத்து முடித்து, ஆட்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குள் அவள் நுழைந்தாள். தங்கச்சிதான், "ஓடியாங்க அண்ணி! ஓடியாங்க!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கதிரை அடுக்கியவர்களும் கை தட்டினார்கள். கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தவள் முதலில் கேட்டது சாயத்தண்ணி. பிளாஸ்க் காலி! வளைவுக்கு வளைவு பதற்றத்தில் தங்கச்சியே குடித்துத் தீர்த்திருந்தாள். அதைக் கேட்டு அவள் சிரிக்க, நான் அழுதுவிட்டேன்.

"அழாதீங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

இப்போதும் அவள் எதிலாவது களைத்துப்போய் உட்கார்ந்தால், "போதும், விடு" என்று என் வாய் வரைக்கும் வந்துவிடும்; அதை அப்படியே விழுங்கிவிட்டு, "நான் எங்க போயி நிக்கணும், சொல்லு" என்றுதான் கேட்கிறேன்.