அம்மா வைக்காத முருங்கை

நேற்று என் மகள் ஏழெட்டு விதைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். நாகர்கோவிலில் நாங்கள் இருக்கும் வீட்டு மொட்டைமாடியில் சட்டி வைத்துக் காய்கறி போடப் போகிறாளாம். எதையெதைப் போடுவது என்று நான் தீர்மானித்துச் சொல்ல வேண்டுமாம். எழுபதைத் தாண்டியவளுக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் அதிகாரம் இவ்வளவுதான் என்பதால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தோரணையாகவே படித்தேன். வெண்டை, நாற்பத்தைந்து நாள். தண்டங்கீரை, இருபத்தைந்து நாள். ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகிலும் எத்தனை நாளில் பறிக்கலாம் என்று அச்சடித்திருந்தார்கள். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இந்த நாள்கணக்கு முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

எங்கள் ஊர் சுசீந்திரத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அடுக்களைக் கதவைத் திறந்தால் பின்னால் விளை. நாலைந்து தென்னை, ஒரு கிளிமூக்கு மா, கிணறு, மிச்ச இடமெல்லாம் அம்மாவின் காய்கறிக்கு. மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வைக்கோல்படப்பு ஏறியதும் அவள் விதைகளை இறக்குவாள். கத்தரியை நாங்கள் வழுதலங்காய் என்போம், அதன் விதை சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்திருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு வாசனை வரும், அடுப்புச் சாம்பலும் பழைய துணியும் காய்ந்த மிளகாயும் கலந்தது. விலை உயர்ந்த அத்தர் எல்லாம் மோந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் நிற்காது.

விதைக்கு விட்ட வெள்ளரியை ஓலைக் கண்ணியில் மாட்டி அடுக்களை உத்தரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஒரு தடவை கண்ணி அறுந்து ஒன்று என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராமல் போனதற்கு வெகுகாலம் அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்த விதையை யார் கொடுத்தாலும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான். ருசியைக் கேட்க மாட்டாள், காய்ப்பைக் கேட்க மாட்டாள்.

"எத்தன நாளாகும் காய்க்க?"

மூன்று மாதத்துக்குள் என்றால் முந்தானையில் முடிந்துகொள்வாள். மேலே போனால், "வேண்டாம், வச்சுக்கிடுங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதனால் எங்கள் விளையில் கீரை உண்டு, வெண்டை உண்டு, பயறு, வெள்ளரி, புடலை எல்லாம் உண்டு. வழுதலை மூன்று மாதத்துக்குள் பூ விட்டுவிடுவதால் பிழைத்துக்கொண்டது. சேனை கிடையாது. சிறுகிழங்கு கிடையாது. ஊரெல்லாம் வேலியோரத்தில் நட்டிருந்த மரவள்ளி, எங்கள் பேச்சில் மரச்சீனி, அதுகூடக் கிடையாது. கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீடு. முருங்கைக்காய்க்கு வடசேரிச் சந்தை. நாஞ்சில்நாட்டில் முருங்கைக்காயை விலைக்கு வாங்கி அவியல் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். காற்றில் ஒடிந்து விழும் அந்த மரம் அங்கே எல்லா வீட்டிலும் கேட்பாரில்லாமல் நிற்கும்.

"ஒரு மூடு சேனையாவது வைக்கப்பிடாதா?" என்று அப்பா எப்போதோ ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறது.

"கெடைக்காத சாதனமா, வாங்கிக்கிடலாம்" என்றாள் அம்மா. அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முருங்கை ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்டால் எனக்கு வேறு பதில் வைத்திருந்தாள். கம்பளிப்பூச்சி வரும், மேலே ஊர்ந்தால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்பாள். அதை நம்பி, முருங்கை நிற்கும் வீட்டுப் பக்கம் போனாலே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஆனால் நாக்கு பயத்தைவிடப் பெரியது. ஒன்பது வயதில் எனக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். அவியலில் மற்ற காய்களையெல்லாம் தம்பி இலைக்குத் தள்ளிவிட்டு அவன் முருங்கைத் துண்டுகளை நான் எடுத்துக்கொள்வேன். ஒரு நாள் பக்கத்து வீட்டில் மரத்தைக் கழித்துப் போட்டிருந்தார்கள். கையளவு தடிமனில் ஒரு கம்பை இழுத்துவந்து, வைக்கோல்படப்புக்குப் பின்னால் குழி தோண்டி நட்டேன். யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றினேன். இருபது நாளில் பச்சையாகக் குருத்து விட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, குருத்தோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசிவிட்டாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. அழுது தொண்டை கட்டிவிட்டது. அப்பாதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இழுப்பு நோய். இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்க வேண்டும்.

"ஏட்டி, அம்ம மேல கோவப்படாத. எனக்குப் பொறவு இந்த வீட்ட விட்டு அவ எறங்கணும். எறங்கும்போ அழுவதுக்கு ஒண்ணு கொறஞ்சா நல்லதுன்னு நெனைக்கா. அவ்வளவுதான்."

உங்களுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் சமுதாயத்தில் அப்போது மருமக்கள் வழி. ஒருவர் இறந்தால் அவருடைய வீடும் வயலும் பெற்ற பிள்ளைக்குப் போகாது, கூடப்பிறந்தவளின் மகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடலாம். அவள் தன் அண்ணன் தம்பி வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அம்மாவின் அக்காள் அப்படித்தான் புருஷன் வீட்டை விட்டு இறங்கினாள். பதினைந்து வருடம் மண்ணைக் கொத்தி அவள் உண்டாக்கிய தோட்டம், பூவும் பிஞ்சுமாக நிற்க நிற்க விட்டுவிட்டு வண்டி ஏறினாளாம். அக்காளைக் கூட்டிவரப் போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது வயதில் எனக்கு இதில் பாதிதான் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. மறுநாள் அம்மா கேட்காமலேயே கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன்.

அப்பாவுக்கு வாரிசு, அவருடைய அக்காள் மகன். எனக்கு அத்தான் முறை. பழையாற்றங்கரையோடு ஒரு மணி நேரம் நடந்தால் அவர் வீடு. முப்பது வயதிருக்கும், கட்டை குட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார். விசேஷத்துக்கு வந்தால் முற்றத்தில் நின்றபடியே விசாரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் வந்துவிட்டுப் போன நாளெல்லாம் அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். இந்த வீடு அவருடையது, நாங்கள் வந்து இருக்கிறவர்கள் என்று அவளுக்கு நினைப்பு. சட்டப்படி அதில் தப்பும் இல்லை.

அப்பா அடுத்த வருடம் ஆடி மாதம் போய்விட்டார். முறைப்படி கொள்ளி வைத்ததும் அத்தான்தான். பதினாறாம் நாள் காரியம் வரை இருந்து எல்லாம் செய்தார். அதற்குள் அம்மா இரண்டு பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டாள். மாமன் வீட்டுக்கு ஆள் அனுப்பியாயிற்று. விதை முடிச்சுகளையும் எடுத்து ஒரு பெட்டியின் மேலே வைத்திருந்தாள்.

பதினாறு சாப்பாடு முடிந்து பந்திக்கு வந்தவர்கள் கலைந்ததும், அத்தான் எழுந்து பின்விளைக்குப் போனார். வேலி ஓரமாக ஒரு சுற்று நடந்தார். அம்மா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அளந்து பார்க்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்: "மாமி, அவியலுக்கு முருங்கைக்கா சந்தையிலயா வாங்குனது?"

"ஆமா."

"இவ்வளவு எடம் கெடக்கு. ஒரு மூடு முருங்க இல்லியே?"

அம்மா என்னிடம் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். "கம்பளிப்பூச்சி வரும்லா."

அத்தான் அவளைப் பார்த்தார். அடுக்களைக்குள் கட்டியிருந்த பெட்டிகளையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் மறுபடி வந்து நின்றார். தோளில் தொடை தடிமனில் ஒரு முருங்கைக் கம்பு. கேட்காமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். கம்பை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்து, காய்ந்துவிடாமல் இருக்க வெட்டுவாயில் ஒரு கை சாணியை அப்பினார். அம்மா குடத்தோடு வந்து நின்றாள். வழக்கமான கேள்விதான் அவள் வாயில் வந்தது.

"எத்தன நாளாகும் காய்க்க?"

"எட்டு மாசம் ஆகும். ஒரு வருஷமும் ஆகும். என்ன அவசரம், மாமி?"

அம்மா குடத்துத் தண்ணீரைக் கம்பின் அடியில் ஊற்றினாள்.

"காச்சா எனக்கு நாலு காயி குடுத்து விடணும்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அம்மா பெட்டிகளை அவிழ்த்தாள். அழுதுகொண்டே அவிழ்த்தாள், அப்பா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் திருவிதாங்கூரில் சட்டம் வந்தது, பெற்ற மக்களுக்கும் பங்கு உண்டு என்று. சட்டம் வந்த பிறகு, வேறு வழியில்லாமல் கொடுத்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். அது வருவதற்கு முன்னால் ஒரு முருங்கைக் கம்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இன்று வரை நான் தின்ற சோற்றில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன். பின்னால் அந்த வீட்டையும் விளையையும் அம்மா பேருக்கே எழுதிக்கொடுத்தார்.

அந்த மழைக்காலம் ஓய்ந்ததும் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்தாள். மாசியில் சேனை வைத்தாள். மரச்சீனியை அளவுக்கு மீறி நட்டுவிட்டு, அதைத் தின்று தீர்க்க எங்களைப் பாடாய்ப் படுத்தினாள். மூன்றாம் வருடம் பலாவுக்குச் சக்கைக்கொட்டை ஊன்றியபோது, "இது எப்பம்மா காய்க்கும்?" என்று தம்பி கேட்டான். "காய்க்கும்போ காய்க்கட்டும்" என்றாள்.

முருங்கை ஒரு வருடத்தில் காய்த்தது. முதல் பறிப்பில் நல்லதாக நாலு காயைப் பொறுக்கி ஓலைப்பெட்டியில் வைத்து என்னை அனுப்பினாள். காய் பெட்டிக்கு வெளியே முழ நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒடியக்கூடாது என்று ஆற்றங்கரை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், ஆனாலும் ஒன்று ஒடிந்தது.

அத்தான் வீட்டில் முன்னால் யாரும் இல்லை. பின்பக்கம் சுற்றிப் போனேன். அங்கே இரண்டு முருங்கை மரம். இலை தெரியாமல் காய். பறிக்க ஆளில்லாமல் முற்றி வெடித்து, தரையெல்லாம் விதை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒங்க வீட்டுலயே இவ்வளவு கெடக்கே அத்தான், பொறவு எதுக்கு எங்ககிட்டக் கேட்டிய?" என்றேன்.

அவர் ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மனைவியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு இதப் போட்டு வையி" என்று கொடுத்தார். பிறகு என்னிடம் குனிந்து, "அம்மகிட்ட சொல்லாத மக்கா, கேட்டியா?" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் காய் அங்கே போனது. நான் கல்யாணமாகிப் போன பிறகு தம்பி கொண்டுபோனான், அவனும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அம்மாவுக்கு வயதாக ஆக அத்தான் மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. "பாவம், அந்த வீட்டு மண்ணுல முருங்க பிடிக்காது போல. மறக்காம குடுத்து விடுங்க" என்பாள்.

மருமக்கள் வழி ஒழிந்தது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். எங்கள் விளையில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அத்தானின் மரங்கள் இருந்த இடம் ரோட்டுக்குள் போய்விட்டது. அத்தான் போனார், தம்பி போனான். அம்மா அந்த வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே, எண்பது வயதில் போனாள். இத்தனை வருடம் நான் காத்த ரகசியத்தை இனி யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.