கோசோங் என்றால் காலி

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை, மத்தியானம் ஒரு மணி ஆகப்போகிற நேரம். ஏழு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றப் போகவேண்டிய நான், "என் வேன் சாவியைக் கொடுங்க" என்று முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுக்கமாட்டேன் என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பதினான்கு வருஷமாக இதுதான் எனக்குத் தொழில், இதுதான் பொழுதுபோக்கு. பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பேசுவதைக் கேட்பதற்கே தனியாக யாராவது சம்பளம் கொடுக்கலாம், அவ்வளவு சுகம். நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் எழுதி வைத்துவிடுவேன். என் வீட்டுக் காலண்டரில் அமாவாசை எது, பௌர்ணமி எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

எனக்கு எட்டு வருஷமாக இனிப்பு நீர் வியாதி. மாத்திரை சாப்பிடுகிறேன், கோப்பி குடித்தால் பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ கோசோங்தான். அந்த வருஷம் என்ன ஆயிற்றென்றால், என் சீனி அளவு தானாகவே குறைய ஆரம்பித்தது. நான் தினமும் குடித்த பாகற்காய்ச் சாறுதான் காரணம் என்று முடிவு கட்டி, எங்கள் குடியிருப்பான தாமானில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இலவச வைத்தியம் சொன்னேன். இரண்டு பேர் என் பேச்சை நம்பிப் பாகற்காய் வாங்கவும் செய்தார்கள். அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சீனி குறைந்ததே தவிர உடம்பு நன்றாக இல்லை. எதைச் சாப்பிடவும் மனமில்லை, ஆனால் எடை மட்டும் கூடியது. கிள்ளான் வெயிலிலும் குளிர்ந்தது. போனை எடுத்து ஹலோ சொன்னால், "அண்ணே, அக்கா இல்லீங்களா?" என்று கேட்கிற அளவுக்குக் குரல் கரகரத்துவிட்டது. ஒருநாள் ஒரு பிள்ளைக்கு இருக்கை வார் மாட்டிவிட்டபோது அது என் கையைத் தொட்டுப் பார்த்து, "ஆன்டி இருந்தா ஏர்கோன் தேவையில்ல" என்றது. உடனே காலண்டரில் ஏற்றினேன். அது நோயின் அறிகுறி என்று எனக்கு எங்கே தெரியும்?

அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், தைராய்டு மந்தமாக இருக்கிறது என்றார். நம்ம தமிழ்ப் பொண்ணுதான், மகள் வயது. எனக்குப் புரியும்படி சொன்னார்.

"ஆன்டி, உங்க வேன் ஐட்லிங்ல ரொம்ப ஸ்லோவா ஓடுனா எப்படி இருக்கும்? அப்படித்தான் உங்க உடம்பு இப்ப. ஈரல் ரத்தத்துல சீனிய விடறதும் ஸ்லோ, இன்சுலின் உடம்ப விட்டுப் போறதும் ஸ்லோ. பசியும் இல்ல. அதனால போன வருஷம் சரியா இருந்த அதே சீனி மாத்திரை இப்ப உங்களுக்கு அதிகமாப் போயிடலாம். சீனி திடீர்னு இறங்கலாம். நடுங்குச்சு, வேர்த்துச்சுன்னா மறைக்காம என்கிட்ட சொல்லணும். வேன் ஓட்டறீங்க, பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் மனதில் நின்றது. சொன்னால் வேனை நிறுத்திவிடுவார்கள் என்று அதற்கு நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மூன்று வாரத்தில் துணி காயப்போடும்போது உண்மையிலேயே கை நடுங்கி, வேர்த்து, படியில் உட்கார்ந்துவிட்டேன். சீனித் தண்ணீர் குடித்துச் சரியானது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

டாக்டரைப் பார்த்த அன்றே தைராய்டுக்குச் சின்னதாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மருந்து முகப்பில் அன்று சரியான கூட்டம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், "ஆன்டி, இது காலையில கோசோங்ல போடணும், சரியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உறையில் பொடி எழுத்தில் மலாயில் ஏதோ எழுதியிருந்தது. கேட்டாயிற்றே, அப்புறம் எதற்கு மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும்?

மறுநாள் காலையிலிருந்து நான் ஒருநாள்கூடத் தவறவில்லை. எழுந்ததும் கெட்டியாக ஒரு கோப்பி ஓ கோசோங் கலக்குவேன். இரண்டு பிஸ்கட், கோப்பி, அதோடு மாத்திரை. கோசோங்கில் போடு என்றார்கள், போட்டேன். எனக்குத் தெரிந்த கோசோங் அதுதானே.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். தைராய்டு அசையவே இல்லையாம். "மாத்திரை போடறீங்களா, இல்ல மறந்துடறீங்களா?" என்றார். சத்தியம் செய்யாத குறையாக, ஒரு வேளைகூட விட்டதில்லை என்றேன். சீனி எப்போதாவது இறங்கியதா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலில் சொன்னது உண்மை, இரண்டாவது பொய். டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார், சீனி மாத்திரையை அப்படியே விட்டுவிட்டார். என் பொய்யை நம்பியவர் வேறு என்ன செய்வார்?

அடுத்த வாரமே அந்த மத்தியானம் வந்தது. காலையில் அந்த இரண்டு பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில் கண் மங்கியது, வேர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. வேனில் அப்போது யாரும் இல்லை. எப்படியோ அந்தக் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே போய் உட்கார்ந்து, சாவியை மேசையில் போட்டேன். டீ, கோப்பி கலக்குகிற மனிதர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சீனி இறங்கித் தவிக்கிற நான் கேட்டது என்ன தெரியுமா? கோப்பி ஓ கோசோங். பழக்கம் அப்படி.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நாற்பது வயது இருக்கும், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எட்டு மாதம் ஆனவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். வாயில் வைத்தேன், பாகு மாதிரி இனிப்பு.

"நான் கோசோங்தானே கேட்டேன்? எனக்கு இனிப்பு நீர் இருக்கு" என்று கத்தினேன்.

"தெரியுதுக்கா. எங்க அப்பாவுக்கும் சுகர்தான், இப்படித்தான் வேர்க்கும். முதல்ல குடிங்க, அப்புறம் உக்காந்து திட்டுங்க."

குடித்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. மணியைப் பார்த்தேன், பன்னிரண்டு ஐம்பது. பதறி எழுந்தால் மேசையில் சாவி இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்தது.

"வண்டியில பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கு. இப்ப தரமாட்டேன்க்கா" என்றார்.

"போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க. அவங்களும் தரவேணாம்னுதான் சொல்லுவாங்க. ரொட்டி போடச் சொல்லியிருக்கேன், சாப்பிடுங்க."

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "குடுத்துருலா, எதுக்கு வம்பு?" என்றார். இவர் அசையவில்லை. பெர்மிட்டில் வந்தவர் முதலாளி பேச்சை மீறுவது லேசான காரியமா? அதைப் பார்த்த பிறகு என் வாய் அடங்கிவிட்டது. பக்கத்துத் தாமானில் வேன் ஓட்டும் ஒரு நண்பருக்குப் போன் போட்டேன். பிள்ளைகளைத் தான் ஏற்றிக்கொள்வதாகவும் பெற்றோருக்கும் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

ரொட்டியைத் தின்றுகொண்டே என் கதையைச் சொன்னேன். தைராய்டு என்றதும், தன் மனைவிக்கும் அதே மாத்திரைதான் என்றார். நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கோப்பியோடயா? எங்க ஊர்ல வெறும் வயித்துல தண்ணியோட போடச் சொல்லுவாங்கக்கா. அரைமணி, ஒருமணி நேரத்துக்குப் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் கூடாதும்பாங்க."

"இங்க கோசோங்ல போடணும்னுதான் சொன்னாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் இங்க வந்து முதல்ல கத்துக்கிட்ட வார்த்தையே அதுதான். ரொட்டி கோசோங்னா உள்ள ஒண்ணும் இல்லாத ரொட்டி. கோசோங்னா காலின்னுதானே முதலாளி சொன்னாரு? அப்ப அந்தப் பொண்ணு காலி வயித்துலன்னு சொல்லியிருக்குமோ?"

பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவள் நான். 'பெருட் கோசோங்' என்றால் வெறும் வயிறு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தவர் அதை எனக்கு விளக்கவேண்டியிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. ஏழு பிள்ளைகள் வேனில் இருந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

மறுநாளே டாக்டரிடம் போய் இரண்டையும் ஒப்புக்கொண்டேன், கோப்பியையும் பொய்யையும். கோப்பிக்குச் சிரித்தார், பொய்க்குச் சிரிக்கவில்லை. கோப்பியோடும் சாப்பாட்டோடும் போட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். சீனி மாத்திரையைக் குறைத்தார், தைராய்டு மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார், இரண்டும் நிலைக்கு வரும்வரை வேனைத் தொடக்கூடாது என்றார். நண்பரின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து போய் வந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, "ஆன்டிக்கு லைசென்ஸ் பிடுங்கிட்டாங்களா?"

தண்ணீரோடு மாத்திரை போட ஆரம்பித்ததும் தைராய்டு மெல்ல ஏறியது, பசி வந்தது, குரல் திரும்பியது. கூடவே சீனியும் கொஞ்சம் ஏறியது. அதைப் பார்த்து எனக்கு ஒரே துக்கம். "இதுதான் ஆன்டி உங்க உண்மையான சீனி. முன்னாடி குறைஞ்சது பாகற்காயால இல்ல" என்று டாக்டர் தேற்றி, அதற்கேற்ப மாத்திரையைத் திருத்தினார். மூன்றாவது மாதம் ஓட்டலாம் என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் வண்டி எடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. இன்றுவரை மீறியதில்லை.

நன்றி சொல்லப் போனபோது அவர் அங்கே இல்லை. முதலாளியின் இன்னொரு கடைக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு, மாற்றிவிட்டார்களாம். ரயிலேறிப் போய்க் கண்டுபிடித்தேன். கையில் தே தாரேக் ஆற்றுகிற டீக் குவளையோடு என்னை உற்றுப் பார்த்தவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பள்ளி வேன் என்றதும் முகம் மலர்ந்தது.

"பிள்ளைங்கல்லாம் நல்லா இருக்காங்களாக்கா?" என்றுதான் கேட்டார்.

என் உடம்பு எப்படி இருக்கிறது என்று அப்புறம்தான் கேட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. முகம்கூடப் பார்த்திராத ஏழு பிள்ளைகளுக்காக அவர் தன் வேலையையே பணயம் வைத்து என்னிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறார், அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற நானோ என் வேலைக்காக டாக்டரிடம் சீனி இறங்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போது, எனக்கு இன்றும் தலை தானாகக் குனிகிறது.